மிசிசிப்பி வயலும் முள்ளியவளை வயலும்

வன்னி நாட்டைக் காண விழைவோர் மாசித் திங்களிலே வருதல் வேண்டும். மாரி ஓய்ந்து, குளங்கள் நீர் தளும்பி நிற்க, காலபோக நெல் பொன்னிறம் பூண்டு தலைசாய்ந்திருக்கும் காலம் அது. பங்குனி பிறந்துவிட்டால் வெயிலும் புழுதியும். மார்கழியிலோ சேறும் நுளம்பும். ஆதலால், எம் மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு நாம் வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்குப் புறப்பட்டது ஒரு மாசிச் சனிக்கிழமை விடியற்காலையில். அரிவு வெட்டுப் பாடல்களை, அவற்றை வயலிலே நின்று பாடியவர் வாயாற் கேட்க வேண்டும் என்பதே எமது நோக்கம். நூலிலே படித்துக் கேள்வி எழுதிய பிள்ளைகள் ஒருமுறையாவது காதாலும் கேட்கட்டும் என்று எண்ணினோம்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று கண்டி வீதி வடக்கு நோக்கி ஓடுகின்றது. இருமருங்கும் பாலையும் முதிரையும் வீரையும் இன்னும் காடாகவே நிற்கின்றன. காட்டுக்கு அப்பால் ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலோரத்தில் ஊர், ஊருக்கு ஒரு கோயில்: இதுவே வன்னியின் இலக்கணம். குளம் உடைந்தால் ஊர் இல்லை என்பது இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். 1895 ஆம் ஆண்டிலே ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி வெளியிட்டார். அவர் கண்ட வன்னியில் உடைந்த குளங்களும் யானைகளும் மிகுதி, மனிதர் குறைவு. இன்று மனிதர் பெருகியுள்ளனர். யானைகளும் ஒழிந்துவிடவில்லை என்பதை எம் வாகன ஓட்டுநர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாங்குளச் சந்தியிலே தேநீர் அருந்த இறங்கினோம். மாணவன் ஒருவன் கித்தார் கொண்டுவந்திருந்தான். கடைவாசல் வாங்கில் அமர்ந்து அவன் மெல்ல ஒரு மெட்டை மீட்டி, ஆங்கிலத்திலே பாடத் தொடங்கினான். ஒரே அடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியால் அதற்கு விடை கூறும் பாட்டு அது. குரல் இழுத்து இழுத்துச் சென்றது. அருகில் இருந்த மாணவி, "சேர், உது ஆற்றை பாட்டு?" என்று எம்மைக் கேட்டாள். நாம் வாய் திறக்குமுன் பாடியவனே, "றோலிங் ஸ்ரோன்ஸ். இங்கிலாந்துக்காரர்" என்றான். பாட்டின் பெயர் 'லிட்டில் ரெட் றூஸ்ரர்'. சின்னஞ்சிறு செஞ்சேவலைப் பற்றியது.

இங்கிலாந்துக்காரர் பாடினர் என்பது மெய். ஆனால் அந்தச் சேவல் இங்கிலாந்திலே கூவிய சேவலன்று. அது எங்கிருந்து பறந்து வந்தது என்பதை மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போனோம். அரிவுப் பாட்டுக் கேட்கப் போகிறவருக்கு அந்தக் கதை வேண்டியதே என்பது எம் துணிபு.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே கிடப்பது ஒரு கரிய வண்டற் சமவெளி. பருத்தி விளையும் நிலம். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள் அங்கே அடிமைகளாய் உழைத்தனர். 1865 இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் நிலம் வெள்ளையரிடமே இருந்தது. பயிரிட்டவர்கள் வாரக்குடிகளாயினர். விதையும் உணவும் தோட்டக்காரரின் கடையிலே கடனாக வாங்கி, அறுவடையிலே கணக்குப் பார்க்கும்போது மீண்டும் கடனாளியாகவே வீடு திரும்புவர். அவ்வயல்களிலே ஒருவர் குரலெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடிய பாட்டும், தனியே நின்றவன் வானத்தை நோக்கி எறிந்த கூவலும் சேர்ந்து பிறந்ததே 'புளூஸ்' என்னும் இசை. நீல நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்கள் வழக்கிலே துயரையும் குறிக்கும். ஆனால் அதை வெறும் அழுகை என்று கொள்ளல் தவறு. தன் துயரைத் தானே நையாண்டி செய்யும் குறும்பும் அதில் உண்டு. அந்தக் குறும்பு இல்லாவிடின் அது இத்துணைத் தொலைவு பயணம் செய்திராது.

மிசிசிப்பியிலே கிளார்க்ஸ்டேல் என்னும் ஊருக்கு அருகே ஸ்ரோவல் பருத்தித் தோட்டம். அங்கே உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் மக்கின்லி மோகன்பீல்ட். மடி வாட்டர்ஸ் என்னும் புனைபெயரே அவருக்கு நிலைத்தது. 1941 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்டு நாட்டுப்பாடல் தேடி வந்த அலன் லோமாக்ஸ், கறுப்பினப் பேராசிரியரான ஜோன் வேர்க்குடன் அத்தோட்டத்துக்குச் சென்று, அவர் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். 1943 இல் அவர் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகருக்குப் புகையிரதம் ஏறினார். அடுத்த ஆண்டு, 1944 இல், அதே கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஹொப்சன் தோட்டத்திலே ஒரு பருத்திப் போகம் முழுவதும் மனிதக் கை படாமல் இயந்திரத்தாலேயே ஆய்ந்து முடிக்கப்பட்டது. வயலிலே ஆளுக்கு வேலை இல்லையாயிற்று. ஆள் இல்லாத வயலிலே பாட்டுக்கும் வேலை இல்லையாயிற்று. மக்கள் இலட்சக்கணக்கில் வடபுல நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டும் அவர்களுடனே போய், நகரத்து இரைச்சலை வெல்ல வேண்டி மின்சாரக் கித்தாரைக் கையில் எடுத்துக்கொண்டது.

"பிறகு இங்கிலாந்துக்கு எப்பிடிப் போனது, சேர்?" என்றாள் அந்த மாணவி. இசைத்தட்டிலே ஏறிப் போயிற்று என்றோம்.

1961 ஒக்ரோபரிலே, இலண்டனுக்கு அண்மையிலுள்ள டார்ட்போர்ட் புகையிரத நிலையத்தில் இரண்டு இளைஞர் சந்தித்தனர். ஒருவர் மிக் ஜாகர், இலண்டன் பொருளியற் கல்லூரி மாணவர்; மற்றவர் கீத் ரிச்சர்ட்ஸ், ஓவியக் கல்லூரி மாணவர். சிறு வயதிலே ஒரே பள்ளியிற் படித்தவர்கள்தாம். ஜாகரின் கக்கத்திலே சக் பெரியின் இசைத்தட்டும் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டும் இருந்தன. அக்காலத்தில் இங்கிலாந்துக் கடைகளில் அத்தகைய தட்டுக்கள் கிடைப்பது அரிது. சிக்காகோவிலுள்ள செஸ் நிறுவனத்துக்கு எழுதித் தருவிக்க வேண்டும். அந்தத் தட்டுக்களே நட்பை ஒட்டவைத்தன. 1962 மார்ச்சில் அலெக்சிஸ் கோர்னர், சிறில் டேவிஸ் என்னும் இருவர் இலண்டன் ஈலிங் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையிலே புளூஸ் மன்றம் தொடங்கினர். இளைஞர்கள் அங்கே திரண்டனர். அங்கேதான் செல்ற்றனம் ஊரவரான பிரையன் ஜோன்ஸ் இவர்களுக்கு அறிமுகமானார். குழு அமைந்தது, பெயர் வேண்டியிருந்தது. மடி வாட்டர்ஸ் 1950 இல் வெளியிட்ட 'றோலிங் ஸ்ரோன்' பாட்டின் பெயரையே எடுத்துக்கொண்டனர். 1962 ஜூலை 12 ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் வீதி மார்க்கீ மன்றத்தில் முதல் அரங்கு.

அந்த ஆண்டின் பனிக்காலம் இங்கிலாந்திலே கொடிது. செல்சிப் பகுதியில் எடித் குறோவ் என்னும் தெருவில் ஓர் இழிந்த வாடகை வீட்டில் மூவரும் குளிரில் ஒடுங்கியிருந்து, ஒரே தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, எந்த விரல் எந்த நரம்பிலே விழுகிறது என்று காதாற் கண்டு பயின்றனர். எழுத்துப் பாடம் இல்லை, ஆசிரியர் இல்லை. எமது அண்ணாவிமார் பயிற்றும் முறைக்கு இது அத்துணைத் தூரமன்று என்று நாம் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தனர். ஆனால் உண்மை அதுவே.

1964 ஜூனில் அவர்கள் அமெரிக்கா சென்றபோது, தாம் தெய்வமாய் மதித்த செஸ் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பாடிப் பதிந்தனர். அவ்வாண்டு முடிவில் வில்லி டிக்சன் இயற்றி, ஹவுலின் வுல்வ் 1961 இல் பதிந்த சேவற் பாட்டை இவர்கள் பாட, அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1965 மே மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஷிண்டிக்' நிகழ்ச்சி இவர்களை அழைத்தது. எமக்கு முன் ஹவுலின் வுல்வ் பாட வேண்டும் என்று இவர்கள் நிபந்தனை விதித்தனர். மிசிசிப்பியிலே பிறந்த அந்த நெடிய, பருத்த மனிதர் பாட, புகழுச்சியில் இருந்த வெள்ளை இளைஞர் அவர் காலடியிலே தரையில் அமர்ந்து கேட்டனர். அந்நாட்டிலே கறுப்பினத்தவர் தடையின்றி வாக்களிப்பதற்கான சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டிலேதான் கையொப்பமானது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த அமர்வின் பொருள் விளங்கும்.

பின்னர் அவர்கள் தாமே பாட்டியற்றி உலகப் பெரும்புகழும் பெரும்பொருளும் ஈட்டிய கதை யாவரும் அறிந்ததே. பிரையன் ஜோன்ஸ் 1969 ஜூலையில், 27 வயதில், நீச்சற் குளத்திலே மாண்டுபோனார். அதையெல்லாம் விட்டுவிடுவோம். ஆனால் மற்றொன்றை மறைத்தலாகாது. 1968 இல் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றில், ஊதாரிப் பிள்ளையைப் பற்றிய விவிலியக் கதைப் பாட்டு ஒன்றை இவர்கள் பாடினர். அது றொபேட் வில்கின்ஸ் என்னும் முதிய கறுப்பினப் பாடகர், பின்னாளில் மதகுருவானவர், அவருடையது. தட்டின் முதற் பதிப்புக்களிலே இயற்றியவர் பெயராக ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்றே அச்சாயிற்று. வில்கின்ஸ் அன்று உயிருடன் இருந்தார். பிற்பதிப்புக்களிலே பெயர் திருத்தப்பட்டது. குருவின் காலடியிலே அமர்ந்தவர்களே குருவின் பெயரை அச்சிலே தவறவிடவும் செய்தனர். பாட்டு எடுத்தவன் எவனிடம் எடுத்தான் என்று சொல்லாமற் பாடினால் அது களவு என்பதில் எமக்கு ஐயமில்லை. பெயர் சொல்லிப் பாடினாலோ, அது பாட்டுக்கு இன்னும் ஒரு பிறவி.

அக்குழு முற்றாய் மறந்துவிடவுமில்லை. 1981 நவம்பரில் சிக்காகோவின் சிறு மன்றம் ஒன்றிலே மடி வாட்டர்ஸுடன் ஒரே மேடையிற் பாடினர். இரண்டாண்டுகளுக்குள் அவர் காலமானார். 2015 டிசம்பரில், எழுபதைக் கடந்த முதியவர்களாய், பழைய புளூஸ் பாட்டுக்களை மட்டும் மூன்றே நாளிற் பதிந்து அடுத்த ஆண்டு வெளியிட்டனர். 2021 இல் முழவுக்காரரான சார்லி வாட்ஸ் மறைந்தார். 2023 இல் வெளியிட்ட தொகுதியை, தமக்குப் பெயர் தந்த அந்த மடி வாட்டர்ஸ் பாட்டைக் கொண்டே முடித்திருந்தனர். பெயர் எடுத்து அறுபத்தோராண்டு கழிந்தபின்!

கதை முடியவும் ஒட்டுசுட்டான் வரவும் சரியாயிருந்தது. தான்தோன்றீசுவரரை வணங்கி, கிழக்கு நோக்கித் தண்ணீரூற்றையும் முள்ளியவளையையும் அடைந்தோம்.

முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தை அறியாதார் வன்னியில் இலர். இன்னும் சற்றுக் கிழக்கே, நந்திக்கடலோரத்தில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குக் கடலிலிருந்து உப்புநீர் எடுத்து வந்து அந்நீரிலே விளக்கேற்றும் மரபு உலகறிந்தது. அந்த விளக்கு முதலில் எரிவது காட்டு விநாயகர் ஆலயத்திலேதான். சிலம்பு கூறல் என்னும் கண்ணகி காவியம் படிப்பதும், முல்லைமோடி என்று இப்பகுதிக்கே உரிய ஆட்டமுறையிலே கோவலன் கூத்து ஆடுவதும் இம்மண்ணின் சொத்து. மதுரையிலே அநீதி கண்டு எரித்தவள், கோபந் தணிந்து அமர இந்த நந்திக்கடற் கரையைத் தேர்ந்தாள் என்பது ஊரார் நம்பிக்கை. துயரத்தைப் பாடினால் அது தணியும் என்பதை இவ்வூருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குமுழமுனைப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. ஆண்கள் அஞ்சிய கொம்பன் யானையை அடக்கிக் கட்டினாள் அரியாத்தை என்னும் பெண். பொறாமை கொண்டோர் சூழ்ச்சியால் நஞ்சுண்டு மாண்டாள். அவள் கணவன் வேலப்பணிக்கன் அவளை நினைந்து அழுத அழுகையே வேலப்பணிக்கன் ஒப்பாரி. ஒப்பாரி என்றால் பெண்கள் ஆணுக்குப் பாடுவதே எங்கும் பெருவழக்கு. இங்கே ஆண் ஒருவன் மனைவியின் வீரத்தைச் சொல்லிச் சொல்லி அழுகின்றான். 'வேழம்படுத்த வீராங்கனை' என்னும் பெயரிலே அருணா செல்லத்துரை அக்கதையைக் கூத்தாக்கி நூலாகவும் தந்துள்ளார். மிசிசிப்பியிலே பிறந்திருந்தால் இதற்குக் கித்தார் கிடைத்திருக்கும். இங்கே மத்தளமும் தாளமும் கிடைத்தன.

நாம் தேடிச் சென்ற பெரியவர் எண்பதை அண்மியவர். இளமையிலே கூத்திலே வேடங்கட்டியவர். அரிவு வெட்டிலே பாட்டெடுப்பவர். வயலோர மருதநிழலிலே எம்மை இருத்தி மோர் தந்தார். வயலிலே அறுவடை இயந்திரம் ஒன்று தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

"முந்தி இந்த வயலுக்கு முப்பது பேர் நிரை பிடிச்சு நிண்டு வெட்டினாங்கள், தம்பியவை. ஒராள் எடுத்துக் குடுப்பார், மற்றவை சொல்லுவினம். பொழுதுபடச் சூடு வைச்சிட்டுத்தான் வீடு. இப்ப மெசின் வந்து வெயில் ஏற முந்தி முடிச்சுப் போடுது. மெசினுக்கு ஆர் பாடுறது?" என்றார்.

அவர் இயந்திரத்தைப் பழித்தாரல்லர். முதுகு ஒடிய வெட்டியவருக்குத் தெரியும் அதன் அருமை. நாட்டுப் பாட்டுக்காக மனிதர் இன்னும் குனிந்து வெட்ட வேண்டும் என்று நகரிலிருந்து வந்து சொல்பவர்களோடு நாமும் உடன்படுவதில்லை.

2008 இன் இறுதியிலே ஊரோடு இடம்பெயர்ந்தபோது, தம் தகப்பனார் கையால் எழுதிய கூத்துக் கொப்பியைப் பெட்டியோடு எடுத்துச் சென்றாராம். எந்த இடத்திலே பெட்டி கைவிடப்பட்டது என்பதை அவர் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. செட்டிகுளத்து முகாமிலே இரவில் நித்திரை வராதபோது, முதல் விருத்தத்திலிருந்து தொடங்கி மனத்துள்ளே பாடிப் பாடி, எங்கே அடி தவறுகின்றதோ அங்கே நின்று, மறுநாள் அடுத்த கூடாரத்திலிருந்த இன்னொரு கூத்துக்காரரிடம் கேட்டு நிரப்பினாராம். அந்தக் கூத்துக்காரர் இப்போது இல்லை. மீண்டும் ஊருக்கு வந்த பின்னர்ப் பேரன் புதிய கொப்பியிலே எழுதித் தந்துள்ளான். "எழுத்து இருக்கு. ராகம் எழுதேலாதே" என்றார் பெரியவர். வன்னிப் பாடல்கள் அச்சேறியுள்ளன. பன்றிப் பள்ளும் குருவிப் பள்ளும் நூலிலே படிக்கலாம். ஆயினும் பெரியவர் சொன்ன குறை எந்த அச்சகத்தாலும் தீராதது.

பாடுமாறு வேண்டினோம். முதலில் மறுத்தார். சும்மா இருந்து பாட அரிவுப் பாட்டு வராது என்றார். பிறகு வயலை ஒருமுறை நோக்கினார். இயந்திரம் திரும்ப முடியாத வடகீழ் மூலையிலே ஒரு துண்டு நெல் வெட்டாமல் நின்றது. வீட்டுக்குள் ஆளனுப்பித் தாக்கத்திகள் நான்கைந்து எடுப்பித்தார். ஒன்றைத் தாம் பிடித்து, ஏனையவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரையிலே நிறுத்தினார். குனிந்து முதற் பிடியை அறுத்ததும் குரல் தானே எழுந்தது. எண்பது வயதுக் குரலன்று அது. அறுக்கும் கையின் வீச்சே தாளம்; பிடியைப் பின்னே வைக்கத் திரும்பும் இடத்திலே மூச்சு. அந்த இடைவெளியிலே நிரை முழுவதும் அடியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதலில் தடுமாறினர். மாணவி ஒருத்தியின் விரலிலே சிறு கீறலும் பட்டது. நாலாவது அடியிலே பிடித்துக்கொண்டனர்.

கித்தார்க்காரன் வரம்பிலே அமர்ந்து நரம்பிலே அந்த மெட்டைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு சுரங்களுக்கு நடுவிலே நிற்கும் ஒரு சுரம் அவனுக்கு அகப்படவில்லை. சற்று நேரத்தில் கித்தாரை மருதிலே சாய்த்துவிட்டு, அவனும் ஒரு தாக்கத்தியைக் கேட்டு வாங்கினான்.

மூலை வெட்டி முடிந்தது. வியர்வை துடைத்து வரம்பிலே அமர்ந்தபின், காலையிலே பாடிய பாட்டைத் தமக்கும் பாடிக்காட்டும்படி பெரியவர் அவனைக் கேட்டார். அவன் பாடினான். அடியை இருமுறை பாடி மூன்றாவதாலே விடை சொல்லும் இடத்திலே பெரியவர் தலையசைத்தார்.

"ஒப்பாரியோ தம்பி?"

"இல்லை ஐயா. கொஞ்சம் பகிடியும் இருக்கு."

"பகிடி இல்லாட்டி ஒப்பாரியும் நிக்காது. ஆர் பாடினது?"

மாங்குளத்திலே இங்கிலாந்துக்காரர் என்று சொன்னவன், இப்போது வில்லி டிக்சன் கட்டியது, ஹவுலின் வுல்வ் பாடியது, அதன்பின் இங்கிலாந்துக்காரர் எடுத்தது என்று வரிசையாகச் சொன்னான். மடி வாட்டர்ஸையும் சேர்த்துக்கொண்டான். பருத்தித் தோட்டத்திலே உழவு மெசின் ஓட்டியவர் என்றான்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உழவு மெசினோ? அந்த நாளையிலையோ? எத்தினை ஏக்கர் தோட்டமாம்?" என்று கேட்டார்.